680 பவுண்ஸ் வாசற்கட்டணம்: இங்கிலாந்தின் இணையவழி வங்குரோத்து விண்ணப்பச் சேவை பற்றிய மதிப்பீடு

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வாழும் ஒருவர், தன் கடன்களைத் தீர்க்கவே முடியாத நிலைக்கு வந்து, தானாகவே வங்குரோத்து அறிவிப்பைக் கோர விரும்பினால், இன்று அவர் நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. 2016 ஏப்ரல் 6 ஆம் திகதி முதல் அந்த விண்ணப்பம் முழுவதும் அரசாங்க இணையத்தளத்திலேயே நடைபெறுகிறது. இன்சொல்வென்சி சேர்விஸ் என்னும் அரச நிறுவனத்தைச் சேர்ந்த அட்ஜுடிகேட்டர் என்ற அதிகாரி அதைப் பரிசீலித்து முடிவெடுக்கிறார். இதற்கான கட்டணம் 680 பவுண்ஸ். கடை வைத்து நொடித்துப் போனவர்கள், கடனட்டைகளில் வீட்டுச் செலவை ஓட்டி மூழ்கியவர்கள், பிறருக்குப் பிணை நின்று சிக்கியவர்கள் எனப் பல தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விண்ணப்பத்தை ஆங்கிலத்திலிருந்து வாசித்து விளக்குவதற்காக நான் பக்கத்தில் அமர்ந்திருக்கிறேன். நான் சட்டத்தரணி அல்ல. கடன் ஆலோசகரும் அல்ல. ஆனால், இந்தச் சேவையைப் பயன்படுத்தியவர்களுக்கு அது என்ன கொடுத்தது, அவர்களிடமிருந்து என்ன எடுத்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், மற்றவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பச் சேவை என்ற அளவில் இது நேர்மையானது, தெளிவானது, நடுவில் எவரும் இல்லாமல் ஒருவர் தாமே முடிக்கக்கூடியது. ஆனால் அதன் கட்டண ஏற்பாட்டில், வறியவருக்கு எதிரான ஒரு குறை இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்த 680 பவுண்ஸ் வாசலில் வாங்கப்படும் கட்டணம் மட்டுமே. வங்குரோத்தின் உண்மையான விலை வாசலைத் தாண்டிய பின்னரே தொடங்குகிறது. அந்த விலையை முன்கூட்டியே கணக்கிடாமல் இந்த விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவே கூடாது.

முதலில் அந்த 680 பவுண்ஸ் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். அதில் 130 பவுண்ஸ் அட்ஜுடிகேட்டருக்கான கட்டணம். மீதி 550 பவுண்ஸ், வங்குரோத்து ஆணை பிறந்த பின் உங்கள் சொத்துக்களையும் கடன்களையும் கையாளும் ஒஃபிஷியல் ரிசீவர் என்ற அரச அதிகாரியின் நிர்வாகச் செலவுக்கான வைப்புப் பணம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் 550 பவுண்ஸ் திரும்பக் கிடைக்கும். 130 பவுண்ஸ் கிடைக்காது. முழுத் தொகையையும் ஒரே தடவையில் செலுத்தும்படி எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. 5 பவுண்ஸ் அளவு சிறிய தவணைகளாகக் கூட இணையத்தில் செலுத்திக்கொண்டு போகலாம், அதற்கிடையில் விண்ணப்பத்தைச் சிறிது சிறிதாக நிரப்பிச் சேமித்து வைக்கலாம். ஆனால் கடைசிப் பவுண் செலுத்தப்படும் வரை விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க முடியாது. அது வரை கடன்காரர்களின், அதாவது கடன் கொடுத்தவர்களின், கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் நின்றுவிடுவதில்லை.

இங்கேதான் எனக்கு இந்தச் சேவையின் மீது உள்ள முதன்மையான மனக்குறை இருக்கிறது. 2016 ஏப்ரலுக்கு முன்னர், மாவட்ட நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கும் முறை இருந்த காலத்தில், 525 பவுண்ஸ் வைப்புப் பணமும் 180 பவுண்ஸ் நீதிமன்றக் கட்டணமுமாக மொத்தம் 705 பவுண்ஸ் செலவாகியது. இணையவழி முறை வந்தபோது அது முதலில் 655 ஆகக் குறைந்து, அதே ஆண்டு ஜூலையில் வைப்புப் பணம் 550 ஆக உயர்ந்தபோது 680 ஆகியது. மேலோட்டமாகப் பார்த்தால் 25 பவுண்ஸ் மலிந்திருக்கிறது. ஆனால் பழைய முறையில், குறைந்த வருமானம் உள்ளவருக்கும் அரச உதவித்தொகையில் வாழ்பவருக்கும் நீதிமன்றக் கட்டணத்தில் விலக்கு உண்டு. அப்படிப்பட்டவர் 525 பவுண்ஸ் மட்டும் செலுத்தினால் போதும். புதிய முறையில் 130 பவுண்ஸ் கட்டணத்துக்கு எந்த விலக்கும் இல்லை. ஆகவே வசதி சற்று உள்ளவருக்கு விலை குறைந்து, ஏதுமற்றவருக்கு விலை ஏறியிருக்கிறது. 2025 ஏப்ரலில் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகை பெறும், 25 வயதோ அதற்கு மேலோ ஆன தனி ஒருவருக்கான மாத அடிப்படைத் தொகை 400 பவுண்ஸும் சில்லறையும். அதில் உணவும் மின்சாரமும் போக்குவரத்தும் அடங்கும். அப்படிப்பட்ட ஒருவரிடம், உன்னிடம் பணம் இல்லை என்பதை நிரூபிக்க 680 பவுண்ஸ் கொண்டு வா என்று கேட்பது நியாயமாகாது. இதே தீவின் வடக்கே ஸ்கொட்லாந்தில் வழக்கமான வங்குரோத்து விண்ணப்பத்துக்கான கட்டணம் 150 பவுண்ஸாகவும், சொத்து எதுவும் பெரிதாக இல்லாதவர்களுக்கான எளிய முறையில் 50 பவுண்ஸாகவும் குறைக்கப்பட்டது. வருமானம் முழுவதும் குறிப்பிட்ட அரச உதவித்தொகைகளிலிருந்தே வருபவருக்கு அதுவும் இல்லை. அங்கே முடிகிற ஒன்று இங்கே முடியாமல் இருப்பதற்கு நல்ல காரணம் எதையும் நான் காணவில்லை.

கணவனும் மனைவியும் இருவருமே கடனில் இருக்கும்போது இந்தச் சுமை இரட்டிப்பாகிறது. கூட்டு விண்ணப்பம் என்ற ஒன்று கிடையாது; இருவரும் தனித்தனியாக விண்ணப்பித்துத் தனித்தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும், அதாவது 1,360 பவுண்ஸ். இருவர் பெயரிலும் எடுத்த கடனுக்கு ஒருவர் மட்டும் வங்குரோத்து அறிவித்தால், மற்றவர் அந்தக் கடன் முழுவதற்கும் பொறுப்பாளராகிறார், பாதிக்கு மட்டுமல்ல. செலவை மிச்சம் பிடிக்க ஒருவர் மட்டும் விண்ணப்பித்துவிட்டு, சில மாதங்களில் மற்றவருக்குக் கடிதங்கள் வரத் தொடங்கியதும் திகைத்துப்போகும் குடும்பங்கள் இருக்கின்றன.

இனி விண்ணப்பத்தைப் பற்றி. ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு கணக்கொன்றைத் திறந்ததும், உங்கள் விபரம், கடன்காரர்கள், கடன் தொகைகள், சொத்துக்கள், வங்கிக் கணக்குகள், வருமானம், மாதச் செலவு என்று பகுதி பகுதியாகக் கேள்விகள் வருகின்றன. மொழி எளிய ஆங்கிலம். ஒவ்வொரு கேள்வியும் எதைக் கேட்கிறது என்பதில் மயக்கம் குறைவு. தமிழில் இல்லை என்பது நமக்கு உள்ள தடை. நம்மில் பலருக்குக் கடைசிவரை குழப்பம் தருவது மாதச் செலவுப் பகுதிதான்: உணவு, வாடகை, கவுன்சில் வரி எல்லாம் எழுதிவிடுவார்கள், ஆனால் கோயில், பிள்ளைகளின் தமிழ்ப் பாடசாலை, ஊரில் உள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம் ஆகியவற்றை எழுத வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள். வங்கிக் கணக்கு அறிக்கைகளில் அவை தெரியும். கேள்வி வந்தபின் விளக்குவதைவிட முதலிலேயே எழுதுவது நல்லது. சமர்ப்பித்தபின் அட்ஜுடிகேட்டருக்கு முடிவெடுக்க 28 நாட்கள் உண்டு. மேலதிக தகவல் கேட்டால் இன்னும் 14 நாட்கள் நீளும். அவர் பார்ப்பது முக்கியமாக ஒன்றை மட்டுமே: இவரால் தன் கடன்களைத் தீர்க்க முடியுமா, முடியாதா. குறைந்தபட்சக் கடன் தொகை என்று எதுவும் கிடையாது. நிராகரித்தால் 14 நாட்களுக்குள் மீளாய்வு கோரலாம்; அதன் பிறகும் உடன்பாடில்லை என்றால் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிபதி முன்னால், பொது மண்டபத்தில், தெரிந்தவர் எவராவது இருப்பார்களோ என்ற அச்சத்துடன் காத்திருக்க வேண்டிய பழைய நிலை இன்று இல்லை என்பது மனநிம்மதி தருகிற பெரிய முன்னேற்றம். இந்த அளவில் சேவைக்கு நான் முழு மதிப்பும் தருவேன்.

ஆனால் பணம் செலுத்தத் தொடங்குவதற்கு முன்னர், இந்தச் சேவை உங்களுக்குத் தேவைதானா என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இதைவிட மலிவான, இப்போது முற்றிலும் இலவசமான ஒரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. டெட் ரிலீஃப் ஓர்டர், சுருக்கமாக டி.ஆர்.ஓ., என்ற அந்த ஆணைக்கு முன்னர் 90 பவுண்ஸ் கட்டணம் இருந்தது. 2024 ஏப்ரல் 6 ஆம் திகதி முதல் அது நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 28 ஆம் திகதி முதல் கடன் எல்லை 30,000 பவுண்ஸிலிருந்து 50,000 பவுண்ஸாக உயர்த்தப்பட்டது. வைத்திருக்கக்கூடிய வாகனத்தின் பெறுமதி 2,000 இலிருந்து 4,000 ஆக உயர்ந்தது. மாதச் செலவு போக 75 பவுண்ஸுக்கு மேல் மிஞ்சக் கூடாது. வாகனம் தவிர்ந்த ஏனைய சொத்துக்கள் 2,000 பவுண்ஸைத் தாண்டக் கூடாது. சொந்த வீடு இருக்கக் கூடாது. வாடகை வீட்டில் வாழ்ந்து, கடனட்டைகளிலும் தனிநபர் கடன்களிலும் மூழ்கிய ஒருவர் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடுவார். அவர் 680 பவுண்ஸ் செலுத்துவது வீண் செலவு. இந்த ஆணையை நேரடியாகப் பெற முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கடன் ஆலோசகர் ஒருவர் மூலமே விண்ணப்பிக்க வேண்டும். ஸ்டெப்சேஞ்ச், நஷனல் டெட்லைன், சிற்றிசன்ஸ் அட்வைஸ் ஆகிய தொண்டு அமைப்புகள் கடன் ஆலோசனையை இலவசமாக வழங்குகின்றன.

இங்கே நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். வீடும் இல்லை, காரும் இல்லை, கையில் பணமும் இல்லை என்று சொல்கிற ஒரு பெண்ணிடம் 10 பவுண் தாலிக்கொடி இருக்கிறது. இன்றைய தங்க விலையில் அது ஒன்றே 2,000 பவுண்ஸ் எல்லையைத் தாண்டிவிடும். நகையை ஒரு சொத்து என்று எழுத வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. அது உடம்பில் கிடப்பது, சொத்தல்ல என்று உண்மையாகவே நம்புகிறார்கள். ஆனால் சட்டம் வீட்டுப் பாவனைக்குத் தேவையான அடிப்படைத் தளபாடங்களையும் தொழிலுக்குத் தேவையான கருவிகளையும் விட்டுவைக்கிறதே தவிர, பெறுமதியான நகையை அப்படி விட்டுவைப்பதில்லை. கடன் கணவனுடையது, நகை மனைவியுடையது என்றால் நிலைமை வேறு. மனைவியின் சொந்தச் சொத்து கணவனின் கடனுக்காகப் போகாது. யாருடைய நகை, யாருடைய கடன் என்பதை ஆலோசகரிடம் ஒளிக்காமல் சொல்லி, அதன் பிறகே எந்த வழி என்று முடிவெடுக்க வேண்டும். ஒளித்துவைத்துப் பின்னர் வெளிப்பட்டால் அது குற்றமாகவே கருதப்படும்.

வாசலைத் தாண்டிய பிறகு வரும் செலவுகளைப் பற்றி நான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் 680 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அதுதான் முழு விலை என்று எண்ணுபவர்களே அதிகம்.

முதலாவது, உங்களிடம் விற்கக்கூடிய சொத்து இருந்தால், அதிலிருந்து ஒஃபிஷியல் ரிசீவரின் கட்டணங்கள் முதலில் கழிக்கப்படும். 2016 ஆம் ஆண்டின் கட்டண ஆணை, தானே விண்ணப்பித்தவருடைய விடயத்தில் நிர்வாகக் கட்டணத்தை 1,990 பவுண்ஸ் என்றும், அதற்கு மேலாகப் பொதுக் கட்டணம் ஒன்றை 6,000 பவுண்ஸ் என்றும், சொத்துக்களை விற்றுப் பணமாக்கும் வேலைக்கு அந்தப் பணத்தில் 15 வீதம் என்றும் வகுத்தது. சொத்தே இல்லாதவரின் சட்டைப் பையிலிருந்து இவை எடுக்கப்படுவதில்லை. ஆனால் 12,000 பவுண்ஸ் பெறுமதியான ஏதோ ஒன்றை விற்றால் கடன்காரர்களுக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு சிறிய தொகை என்பதைப் பார்த்தால், கையில் ஓரளவு சொத்து உள்ளவருக்கு வங்குரோத்து எவ்வளவு விலை உயர்ந்த வழி என்பது புரியும். அப்படிப்பட்டவர் கடன்காரர்களுடன் நேரடியாக ஓர் உடன்பாட்டுக்கு வருவதை முதலில் ஆராய வேண்டும்.

விண்ணப்பிக்காமல் இருந்தால், கடன்காரரே வங்குரோத்து மனுக் கொடுப்பார், 680 பவுண்ஸ் மிச்சம் என்று சிலர் ஆலோசனை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 5,000 பவுண்ஸ் அல்லது அதற்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தால் கடன்காரர் அப்படிச் செய்ய முடியும் என்பது உண்மை. 2015 ஒக்டோபருக்கு முன்னர் இந்த எல்லை வெறும் 750 பவுண்ஸாக இருந்தது. ஆனால் அந்த வழியில் அதே 2016 ஆணை வகுத்த நிர்வாகக் கட்டணம் 2,775 பவுண்ஸ். கடன்காரரின் சட்டச் செலவும் சொத்தின் மீதே ஏறும். எப்போது நடக்கும் என்ற கட்டுப்பாடும் உங்கள் கையில் இராது. இது நல்ல ஆலோசனை அல்ல.

இரண்டாவது, வருமானம். ஆணை பிறந்து ஓராண்டில் வழமையாகக் கடன்களிலிருந்து விடுவிப்புக் கிடைத்துவிடும். ஆனால் நியாயமான செலவு போக மாதம் பணம் மிஞ்சுகிறது என்று ஒஃபிஷியல் ரிசீவர் கண்டால், அந்த மிச்சத்தை மூன்று ஆண்டுகள் வரை செலுத்தும் உடன்படிக்கைக்கு உங்களை அழைப்பார். மறுத்தால் நீதிமன்ற ஆணை மூலம் பெறலாம். விடுவிப்புக் கிடைத்த பிறகும் இந்தக் கொடுப்பனவு தொடரும். மாதம் 150 பவுண்ஸ் என்று வைத்துக்கொண்டால் மூன்று ஆண்டுகளில் 5,400 பவுண்ஸ். 680 பவுண்ஸுடன் இதைச் சேர்த்துத்தான் விலையைச் சொல்ல வேண்டும். அரச உதவித்தொகை மட்டுமே வருமானமாக உள்ளவரிடம் இப்படி எடுக்கப்படுவதில்லை.

மூன்றாவது, வீடு. சொந்த வீட்டில் அடமானம் போக உங்களுக்குரிய பங்கு வங்குரோத்துச் சொத்தாகிவிடும். அந்தப் பங்கை என்ன செய்வது என்று முடிவெடுக்க ரிசீவருக்கு அல்லது நியமிக்கப்பட்ட அறங்காவலருக்கு மூன்று ஆண்டுகள் உண்டு. அதற்குள் எதுவும் செய்யாவிட்டால் அது உங்களிடமே திரும்பும். பங்கின் பெறுமதி 1,000 பவுண்ஸுக்குக் குறைவாக இருந்தால் வீட்டை விற்பதற்கான ஆணையை நீதிமன்றம் வழங்காது. மனைவியோ உறவினரோ அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளவும் இடமுண்டு. வீட்டு விலைகள் ஏறியிருக்கும் லண்டனில், நீண்ட காலமாக அடமானம் கட்டிவந்த ஒருவருக்கு இது எல்லாக் கட்டணங்களையும்விடப் பெரிய விலை. வீடு உள்ளவர் ஆலோசகரைப் பார்க்காமல் விண்ணப்பிக்கவே கூடாது.

நான்காவது, ஊரில் உள்ள சொத்து. வங்குரோத்து ஆணை உங்கள் சொத்து உலகில் எங்கிருந்தாலும் அதைத் தழுவும். யாழ்ப்பாணத்தில் முதுசமாக வந்த காணியில் உங்கள் பெயரில் ஒரு பங்கு இருந்தாலும், வீட்டில் அண்ணனோ தங்கையோ குடியிருந்தாலும், உறுதி உங்கள் பெயரைச் சொன்னால் அதை எழுத வேண்டும். விண்ணப்பத்துக்கு முன் அவசரமாகத் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் அறிய வேண்டியது: குறைந்த விலைக்கோ இலவசமாகவோ சொத்தைக் கைமாற்றியிருந்தால், வங்குரோத்துக்கு முந்திய ஐந்து ஆண்டுகள் வரை பின்னோக்கிச் சென்று அதைக் கேள்விக்குட்படுத்த 1986 ஆம் ஆண்டின் வங்குரோத்துச் சட்டம் வழி செய்கிறது. இன்னொன்று, ஆணை பிறந்து விடுவிப்புக் கிடைக்கும் வரையுள்ள அந்த ஓராண்டில் பெற்றோர் எவரேனும் காலமாகி உங்களுக்குக் காணியோ பணமோ வந்து சேர்ந்தால், 21 நாட்களுக்குள் அதை அறிவிக்க வேண்டும், அதுவும் எடுக்கப்படலாம். வயதான பெற்றோர் ஊரில் நோயுற்றிருக்கும் ஒருவர், விண்ணப்பிக்கும் காலத்தைப் பற்றி ஆலோசகருடன் பேச வேண்டும் என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

ஐந்தாவது, சீட்டும் கைமாற்றும். நம்மிடையே நடக்கும் சீட்டில், முதலில் எடுத்துவிட்டு மீதி மாதங்களைக் கட்ட வேண்டியிருப்பவர், வங்குரோத்துச் சட்டத்தின் பார்வையில் மற்றக் கடன்காரர்களுக்குப் போலவே அந்தச் சீட்டுக்காரருக்கும் கடன்பட்டவர். கடனட்டை நிறுவனத்துக்குக் கொடுக்காவிட்டாலும் சீட்டுக் காசைக் கொடுத்துவிட வேண்டும், மாமாவிடம் வாங்கிய கைமாற்றைத் தீர்த்துவிட வேண்டும் என்ற உணர்வு நம்மில் ஆழமானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் வங்குரோத்து வரப்போகிறது என்று தெரிந்திருந்தும் ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்துப் பணம் செலுத்தினால், அவர் நெருங்கிய உறவினரானால் இரண்டு ஆண்டுகள் வரையிலும், மற்றவரானால் ஆறு மாதங்கள் வரையிலும் பின்னோக்கிச் சென்று அந்தப் பணத்தைத் திரும்பப் பெறக் கோரலாம். நீங்கள் மாமாவுக்குச் செய்த நன்மை, மாமாவின் வீட்டுக்கு ஒரு கடிதமாகப் போய்ச் சேரும். உங்களுக்காகப் பிணைக் கையெழுத்து வைத்த நண்பருக்கும் உங்கள் வங்குரோத்து விடுதலை தராது. கடன்காரர் அவரிடம் போவார்.

மற்றச் செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கிக் கணக்குகள் முடக்கப்படும். ஆகவே அடிப்படைக் கணக்கொன்றை, எந்தக் கடனும் இல்லாத வேறு வங்கியில், முன்கூட்டியே திறந்துகொள்ள வேண்டும். 500 பவுண்ஸ் அல்லது அதற்கு மேல் கடன் கேட்டால் வங்குரோத்து நிலையைச் சொல்லியே கேட்க வேண்டும். கடன் தகவல் அறிக்கையில் ஆறு ஆண்டுகள் பதிந்திருக்கும். புதிய வாடகை வீடு தேடும்போது இதுவே பெரிய தடையாகும், ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்ட வீட்டுக்காரரைச் சந்தித்த குடும்பமும் உண்டு. லண்டன் கசெற்றிலும் இணையத்தில் எவரும் பார்க்கக்கூடிய பதிவேட்டிலும் பெயர் வரும். விடுவிப்புக்கு மூன்று மாதங்களின் பின் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும். விடுவிப்பு வரை நீதிமன்ற அனுமதியின்றிக் கம்பனிப் பணிப்பாளராக இருக்கவோ, பின்னாலிருந்து கம்பனியை நடத்தவோ முடியாது. கடையைக் கம்பனியாகப் பதிந்து நடத்துபவர்களுக்கு இது அன்றாடப் பிழைப்பைப் பாதிக்கும் விடயம். நடத்தை தவறு என்று கண்டால், அதாவது கட்ட முடியாது என்று தெரிந்தே கடன் வாங்கியது, சொத்தை மறைத்தது போன்றவை இருந்தால், இந்தக் கட்டுப்பாடுகள் 2 முதல் 15 ஆண்டுகள் வரை நீட்டிக்கப்படலாம். இந்த 680 பவுண்ஸையே புதிதாக ஒரு கடனட்டை எடுத்துக் கட்டும்படி எவராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வங்குரோத்தால் தீராத கடன்களும் இருக்கின்றன: நீதிமன்றத் தண்டப்பணம், பிள்ளைப் பராமரிப்புப் பணம், மாணவர் கடன், மோசடியால் வந்த கடன். ஒருவருடைய கடனின் பெரும்பகுதி இவைதான் என்றால் 680 பவுண்ஸுக்கு அவர் பெறுவது மிகக் குறைவு.

கட்டணம் என்று பேசும்போது, இந்தச் சேவையைச் சுற்றி முளைத்த இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நானறிந்த சிறு கடைக்காரர் ஒருவர், ஒரு தனியார் அலுவலகத்துக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதற்காகப் பல நூறு பவுண்ஸ் கொடுத்தார். அரசாங்கக் கட்டணம் அதற்குள் அடங்கும் என்று எண்ணியிருந்தார். அடங்கவில்லை. நிரப்பித் தந்த படிவத்திலும் ஊரிலுள்ள காணி எழுதப்படவில்லை, ஏனென்றால் அவரிடம் எவரும் அதைக் கேட்கவே இல்லை. கடைசியில் இலவச ஆலோசகர் ஒருவருடன் அமர்ந்து எல்லாவற்றையும் மறுபடியும் எழுதினார். இணையத்தில் கடன் என்று தேடினாலே முதலில் வந்து விழும் விளம்பரங்கள் பெரும்பாலும் ஐ.வி.ஏ. என்ற நீண்டகாலக் கொடுப்பனவு உடன்படிக்கையை நோக்கியே தள்ளுவதற்கு ஒரு காரணம் இருந்தது: ஆளைப் பிடித்துக் கொடுப்பவருக்குத் தரகுப் பணம். அந்தத் தரகுப் பணத்தை நிதி நடத்தையைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ. 2023 இல் தடைசெய்தது. புதிய நிறுவனங்களுக்கு ஜூன் முதலும், ஏற்கனவே இயங்கியவற்றுக்கு ஒக்டோபர் முதலும். நல்ல நடவடிக்கை, ஆனாலும் விழிப்பு வேண்டும். பல ஆண்டுகள் மாதாமாதம் கட்டும் அந்த உடன்படிக்கை சிலருக்கு, முக்கியமாக வீட்டைக் காப்பாற்ற வேண்டியவருக்கு, உண்மையாகவே பொருந்தும். வீடுமில்லாமல் மிச்சப் பணமுமில்லாமல் இருப்பவரை அதில் மாட்டிவிடுவது பெரும் அநியாயம்.

கட்டணத்தைச் சேர்க்க அவகாசம் தேவைப்படுபவருக்குப் பயன்படும் ஒன்று, 2021 மே 4 ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ள பிரீதிங் ஸ்பேஸ் ஏற்பாடு. ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால் 60 நாட்களுக்குப் பெரும்பாலான கடன்களின் வட்டியும் அபராதமும் வசூல் நடவடிக்கையும் நிறுத்தி வைக்கப்படும். கட்டணம் எதுவும் இல்லை. வேலை செய்பவருக்கு அந்த 60 நாட்களில் தவணை தவணையாக 680 பவுண்ஸைச் சேர்ப்பது சாத்தியமே. உதவித்தொகையில் வாழ்பவருக்கு அது கடினம். சில தொண்டு நிதியங்கள் வங்குரோத்துக் கட்டணத்துக்காகவே உதவி வழங்குவதுண்டு. டேர்ன்ரூஅஸ் என்ற தொண்டு அமைப்பின் இணையத்தளத்தில் அவற்றைத் தேடிப் பார்க்கலாம். உறவினர் ஒருவர் உங்களுக்காகக் கட்டணத்தைச் செலுத்துவதும் தவறல்ல. ஆனால் அதைத் திருப்பித் தருவதாகச் சொல்லி இன்னொரு கடனாக்கிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் இந்தச் சேவை யாருக்கு உகந்தது? சொந்த வீடில்லாமல், 50,000 பவுண்ஸைத் தாண்டிய கடனோடு, பெறுமதியான சொத்து எதுவுமில்லாமல், செலவு போக மிச்சமும் இல்லாமல் இருப்பவருக்கு, அல்லது நகை போன்ற ஏதோ ஒரு காரணத்தால் டி.ஆர்.ஓ. கிடைக்காதவருக்கு. கடை மூடியபின் வாடகை ஒப்பந்தத்தின் பிணையாலும் மொத்த வியாபாரிகளின் நிலுவையாலும் 80,000 பவுண்ஸ் கடனோடு நிற்கும் ஒருவருக்கு, 680 பவுண்ஸுக்கு ஓராண்டில் அந்தக் கடன்களிலிருந்து விடுதலை கிடைப்பது மிகப் பெரிய உதவி. அந்த விலைக்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு இந்நாட்டில் வேறில்லை. 2004 ஏப்ரலுக்கு முன்னர் இந்த விடுவிப்புக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இரவில் தூக்கமில்லாமல், தொலைபேசி மணி அடித்தால் பிள்ளைகளை எடுக்க வேண்டாம் என்று தடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத் தலைவர், ஆணை கிடைத்த சில வாரங்களில் கடிதங்கள் நின்றபோது எப்படி மாறினார் என்பதைப் பார்த்திருக்கிறேன். வெட்கத்தால் இந்த வழியைத் தள்ளிப்போட்டு, சீட்டெடுத்துக் கடனட்டைக்கும், கடனட்டையிலிருந்து சீட்டுக்கும் மாற்றி மாற்றிக் கட்டி ஆண்டுகளைக் கரைத்தவர்கள், இறுதியில் இன்னும் பெரிய தொகைக்கே இதே விண்ணப்பத்தை நிரப்பினார்கள்.

விண்ணப்பிக்க முடிவெடுத்தவர்கள், முதல் தவணையைச் செலுத்துவதற்கு முன்னரே, வங்கிக் கணக்கு அறிக்கைகள், ஒவ்வொரு கடன்காரரின் கடைசிக் கடிதம், சம்பளப் பத்திரம் அல்லது உதவித்தொகைக் கடிதம், வாடகை ஒப்பந்தம், ஊரிலுள்ள காணியின் உறுதிப் பிரதி, நகையின் மதிப்பீடு ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டு இலவச ஆலோசகரிடம் போங்கள். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால், நிரப்பிய விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வரிவரியாகத் தமிழில் சொல்லச் செய்யுங்கள், ஏனென்றால் அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு உங்களுடையது. விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் வரை மனம் மாறினால், அதுவரை செலுத்திய தவணைகளைத் திரும்பப் பெறலாம்.